ஹியூயி லாங்: கடிதக் கட்டிலிருந்து சில

அமெரிக்காவின் லூசியானா மாநில அரசியல்வாதி ஹியூயி லாங் பற்றிப் போன முறை எழுதியதற்கு வந்த கேள்விகள் இவை. ஒரே கேள்வியை நான்கு பேர் கேட்டிருந்தாலும் பதில் ஒன்றுதான்.

கே: ஜனாதிபதியாக இருந்தபோதுதானே சுடப்பட்டார்?

ப: அவர் ஜனாதிபதியாகவே இருந்ததில்லை. 1928இல் ஆளுநர், 1932 முதல் செனட்டர். அன்றைய ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை எதிர்த்துத் தேர்தலில் நிற்கத் தயாராகிக்கொண்டிருந்தபோது, 1935 செப்டம்பரில் சுடப்பட்டு, 42 வயதில் போய்விட்டார். எழுதுமுன் ஆண்டைப் பாருங்கள் என்று எத்தனை முறை சொல்வது?

கே: ஆளுநரை மக்கள் எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்?

ப: அங்கே ஆளுநர்தான் முதல்வர் மாதிரி.

கே: பரம ஏழைக் குடும்பமாமே?

ப: அது மேடைக் கதை. சொந்த ஊரான வின்ஃபீல்டில் அவருடைய அப்பாவுக்கு நிலபுலன் இருந்தது. ஊர் ஊராகச் சமையல் கொழுப்பு விற்றது உண்மை. துலேன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டுகூடப் படிக்காமல் 1915இல் வக்கீலானதும் உண்மை.

கே: 1929இல் பதவி நீக்கத்திலிருந்து எப்படித் தப்பினார்?

ப: சுத்திகரிக்கும் எண்ணெய்க்குப் பீப்பாய்க்கு 5 சென்ட் வரி என்றார். ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி கொதித்தது, மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை குற்றம் சாட்டியது. மேலவையில் 39 பேர். பதவியைப் பறிக்க 26 ஓட்டு வேண்டும். என்ன சாட்சியம் வந்தாலும் ஓட்டுப் போடமாட்டோம் என்று 15 பேரிடம் எழுதி வாங்கிவிட்டார். அப்புறம் எதற்கு விசாரணை?

கே: சாலை, பாலம், இலவசப் பாடப்புத்தகம் என்று இவ்வளவு செய்தவரை ஊழல்வாதி என்பது நியாயமா?

ப: மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது. எதிர்முனையிலிருந்து, "கொள்ளைக்காரனைப் புகழலாமா?" என்றும் வருகிறது. இரு தரப்பும் கணக்கில் ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் பேசுகிறார்கள். வரவையும் செலவையும் ஒரே தாளில் எழுதுங்கள் ஐயா!

செலவுப் பக்கம்: அவர் வந்தபோது கான்கிரீட் சாலை 300 மைல் சொச்சம், 1935க்குள் 2,000ஐத் தாண்டியது. அதிலும் ஒரு வியாபாரித் தந்திரம் உண்டு. மாவட்டத்துக்குச் சில மைல் மட்டும் போட்டு நிறுத்துவார்; வழவழப்பில் வண்டி ஓட்டிப் பழகியவன் மிச்சத்தையும் கேட்பான் அல்லவா? கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புத்தகம் கொடுத்தது வழக்காகி, 1930இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. புத்தகம் பள்ளிக்கல்ல, பிள்ளைக்கு என்ற வாதம் ஜெயித்தது.

வரவுப் பக்கம்: அரசு ஊழியர் சம்பளத்தில் 5, 10 சதவீதம் பிடித்தம், அதுவும் ரொக்கமாக. அது போய்ச் சேர்ந்த இடம்தான் பேர்போன 'பிடித்தப் பெட்டி'. அவருடைய பத்திரிகைக்குச் சந்தா பிடித்துக் கொடுப்பதும் ஊழியர் தலையில். பதவி கொடுத்தவர்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதம் முன்கூட்டியே கையில். பெரிய பத்திரிகைகளும் எண்ணெய்க் கம்பெனியும் எதிரே நிற்கும்போது வேறு எப்படிக் கட்சி நடத்துவது என்பது அவர் தரப்பு. சரி, ஆனால் 1934, 35இல் சட்டமன்றம் அவர் நீட்டிய மசோதாவைப் படிக்கக்கூட நேரமின்றிக் கை தூக்கியதே, அதை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?

கே: 'செல்வத்தைப் பகிர்வோம்' திட்டம் நடந்திருக்குமா?

ப: நடந்திருக்காது. தனிமனிதர் சொத்துக்கு 5 கோடி டாலர் உச்சவரம்பு, மிஞ்சியதிலிருந்து குடும்பத்துக்கு 5,000 டாலர் என்பது திட்டம். பணக்காரர் சொத்து ஆலையாகவும் பங்காகவும் இருந்தது; அதை அறுத்து வீட்டுக்கு வீடு கொடுக்க முடியாது. இந்தத் திட்டத்துக்கான சங்கங்களில் 75 லட்சம் உறுப்பினர் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. வரவுப் பக்கம், வரவுப் பக்கம்!

கே: சுட்டது மெய்க்காப்பாளர்தான் என்கிறார்களே?

ப: கார்ல் வைஸ் என்ற இளம் டாக்டர் மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜின் சட்டமன்றக் கட்டடத்தில் சுட்டார் என்பதுதான் அரசு முடிவு. வைஸின் மாமனாரான நீதிபதியின் பதவிக்கு லாங் உலை வைத்துக்கொண்டிருந்தார். மெய்க்காப்பாளர்கள் வைஸைச் சல்லடையாக்கிவிட்டதால் அவரைக் கேட்க வழியில்லை. அந்தச் சூட்டில் சிதறிய தோட்டா லாங் மீது பட்டது என்பவர்கள் இன்றும் உண்டு.

கே: அந்தப் பிடித்தப் பெட்டி கடைசியில் கிடைத்ததா?

ப: இல்லை.