நாகம் (துத்தநாகம், zinc) எங்கிருந்து வந்தது? ஏஏஎஸ் கேள்வி பதில்

கொழும்பு ஆய்வுகூடங்களில் ஏஏஎஸ் கருவியோடு (அணுக்கள் ஒளியை உறிஞ்சும் அளவை வைத்து உலோகங்களை அளக்கும் கருவி, AAS) மாரடிக்கும் தம்பி தங்கச்சிமாரின் கேள்விகள் இவை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, குழாய்த் தண்ணீரில் நாகம் பார்க்கிறேன். பிளாங்க் (மாதிரி சேர்க்காத வெறும் கரைசல்) ஒரு நாள் பூச்சியம், மறுநாள் மாதிரியை விட அதிகம். கருவியின் லாம்பு பழுதா?

லாம்பை விடுங்கள் தங்கச்சி. நாகம் தூசியில் இருக்கும், தகரக் கூரையில் இருக்கும், பவுடர் போட்ட கையுறையிலும் இருக்கும். நாங்களும் ஒருமுறை 2 கிழமை அலைந்தோம். அமிலத்தை மாற்றினோம், தண்ணீரை மாற்றினோம், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் பார்த்தால், குடுவையைக் குறிவரை நிரப்பப் பாவித்த டிரொப்பரின் சிவப்பு இறப்பர் குமிழ்! இறப்பரை வல்கனைஸ் பண்ண நாக ஒட்சைட்டு சேர்ப்பார்கள். இறப்பர் விளையும் நாட்டில் பிறந்தும் எனக்கு அது உடனே உறைக்கவில்லை.

பிளாங்க்கைப் படிப்படியாக வையுங்கள்: முதலில் வெறும் தண்ணீர், பிறகு அமிலம் சேர்த்தது, அப்புறம் மாதிரி போகிற பாதை முழுக்கப் போனது. எந்தப் படியில் ஏறுகிறதோ கள்ளன் அங்கேதான்.

மிஸ், பாத்திரம் கழுவக் குரோமிக் அமிலம் சரியா?

வேண்டவே வேண்டாம், குரோமியம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். 10 வீத நைத்திரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறப்போட்டு, 18.2 மெகாஓம் தண்ணீரில் (மிகத் தூய தண்ணீர்) அலசி, மூடிய பெட்டிக்குள் கவிழ்த்து வையுங்கள். ஏசி பழுதென்று கடற்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டு சோடியம் பார்க்கிறவர்களையும் கண்டிருக்கிறேன். வெள்ளவத்தைக் காற்றையும் சேர்த்தல்லவா அளக்கிறார்கள்!

பேலியகொடையில் வாங்கிய மீனில் கட்மியம். கிரபைட் உலையில் (மாதிரியைச் சூடாக்கி ஆவியாக்கும் சின்னக் குழாய்) புகை மாதிரி பெரிய பின்னணி, அதாவது கட்மியம் அல்லாத உறிஞ்சல், வருகிறது.

உப்புத்தான் காரணம். சோடியம் குளோரைட்டு போக 1400 பாகை தாண்டவேண்டும். கட்மியமோ அதைப் பிடித்துவைக்கும் மருந்து போடாவிட்டால் 300ஐத் தாண்டியதுமே ஓடத் தொடங்கிவிடும். அமோனியம் நைத்திரேற்று சேர்த்தால் உப்பு அமோனியம் குளோரைட்டாகவும் சோடியம் நைத்திரேற்றாகவும் மாறி, 400 பாகைக்குள் பெரும்பாலும் போய்விடும். கூடவே அமோனியம் இருஐதரசன் பொசுபேற்றும் மக்னீசியம் நைத்திரேற்றும் போட்டால் கட்மியம் 700 பாகை வரைக்கும் இருக்கும். மீனைக் கரைக்க நைத்திரிக் அமிலமும் ஐதரசன் பேரொட்சைட்டும் போதும். ஐதரோகுளோரிக் அமிலம் ஊற்றி நீங்களாகவே குளோரைட்டைக் கூட்டாதீர்கள். பின்னணியைக் கழிக்கக் காந்தப்புலம் கொண்டு செய்யும் சீமன் (Zeeman) திருத்தம் இருந்தால், டியூட்டீரியம் லாம்புத் திருத்தத்தை விட அதை நம்பலாம்.

ஸ்டாண்டர்ட் அடிஷன் (மாதிரிக்குள்ளேயே தெரிந்த அளவு உலோகத்தைச் சேர்த்து அளப்பது) செய்தால் எல்லாம் சரியாகிவிடும்தானே?

இல்லை தம்பி. நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் இது. மாதிரியில் உள்ள மற்றப் பொருட்கள் சமிக்ஞையை 30 வீதம் குறைத்தால், நீங்கள் சேர்த்த கட்மியத்தையும் அதேபோலக் குறைக்கும். சேர்த்த அளவுக்கு எதிரே சமிக்ஞையை வரையும் கோட்டின் சரிவு மாறும், விடை திருந்தும். ஆனால் வெளியிலிருந்து வந்த அழுக்கும் திருத்தப்படாத பின்னணியும் கோட்டை அப்படியே மேலே தூக்கும், சரிவு மாறாது. ஸ்டாண்டர்ட் அடிஷனுக்கு அது கண்ணிலேயே படாது. அதைப் பிடிக்கப் பிளாங்க்கும் பின்னணித் திருத்தமும்தான் வேண்டும்.

பால்மாவில் கல்சியம் குறைவாக வருகிறது.

பொசுபேற்று பிடித்து வைத்திருக்கிறது. லந்தனம் சேருங்கள், அது பொசுபேற்றைப் பிடித்துக் கல்சியத்தை விட்டுவிடும்; ஸ்டாண்டர்டுக்கும் (அளவு தெரிந்த கரைசல்) பிளாங்க்குக்கும் அதே அளவு. மலிவான லந்தன உப்பில் கல்சியம் கலந்திருக்கும், போத்தல் லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.