கோடை மழைக்கு முன்னாடி கொறங்காட்டுல என்ன வேலை? மொதல்ல ஊசி, புல்லு அப்புறம்

தாராபுரம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "4 ஏக்கர் கொறங்காடு (மழையை நம்பி இருக்கற மேய்ச்சல் காடு), 26 மேச்சேரி செம்மறி ஆடு இருக்குங்க. போன சித்திரைல நல்ல மழை, பத்தே நாள்ல காடு பச்சையாச்சு, அப்பத்தான் 4 ஆடு செத்துப் போச்சு, அதுவும் கொழுத்த ஆடா. சாயங்காலம் நல்லா மேஞ்சது விடிஞ்சு பாத்தா பட்டில வெறைச்சுக் கெடக்குது. விஷப்பூண்டுங்கறாங்க. ஒருத்தர் காட்டையே உழுதுட்டு சூப்பர் நேப்பியர் தீவனப்புல்லு போடச் சொல்றாரு. இந்த வருஷம் மழைக்கு முன்னாடி என்ன பண்ணட்டும்?"

தம்பி, விஷப்பூண்டா இருந்தா நோஞ்சான் ஆடும் சேந்துதான் சாகும். கொழுத்ததா பாத்து, மழைக்கப்புறம், ராத்திரியோட ராத்திரியா போச்சுன்னா நான் மொதல்ல சந்தேகப்படறது துள்ளுமாரிங்கற குடல்நஞ்சு நோயைத்தான். அந்தக் கிருமி நல்லா இருக்கற ஆட்டுக் குடல்லயும் கொஞ்சம் இருக்கறதுதாங்க. மாசி பங்குனி பூரா காஞ்ச சருகைத் தின்ன வயிறு, திடீர்னு எளம்புல்லு மூக்குமுட்ட கெடைச்சதும் கிருமி பெருகி நஞ்சைக் கக்குது. நல்லா திங்கற ஆடுதான் மொதல்ல போகும். வந்தப்புறம் வைத்தியம் பாக்க நேரமே இருக்காது.

அதனால இந்த வாரமே தடுப்பூசி. மொதத்தடவைன்னா 3 வாரம் கழிச்சு இன்னொண்ணு கட்டாயம் போடணும், ஒண்ணோட விட்டா பலன் அரைகுறைதான். ரெண்டாவது போட்டு ரெண்டு வாரமாவது ஆகணும், கணக்குப் போட்டுப் பாருங்க, பங்குனி பொறந்ததுமே ஆரம்பிச்சாத்தான் சித்திரை மழைக்கு சரியா வரும். ஆனா ஊருக்குள்ள முகாம் எப்ப நடக்குது? மழை பேஞ்சு, நாலு பேர் வீட்ல ஆடு செத்து, ஒருத்தர் மனு குடுத்தப்புறம்! நானும் சர்வீஸ்ல இருந்தப்ப எழுதி எழுதி கை ஓஞ்சு போச்சு. காத்திருக்காதீங்க, டாக்டரைக் கேட்டு நீங்களே வாங்குங்க.

வாங்கற எடத்துல ஒரு ஏமாத்து இருக்கு. இந்த மருந்தை ஃபிரிட்ஜ்ல கீழ் தட்டுலதான் வெக்கணும், 2ல இருந்து 8 டிகிரி. கடைக்காரர் பந்தாவா ஃபிரீசர்ல இருந்து கல்லு மாதிரி எடுத்துக் குடுத்தா அது வெறும் தண்ணிதான், வேண்டாம்னு வந்துருங்க. பஸ்ல வரும்போது ஐஸ் பெட்டி, ஆனா ஐஸ்கட்டி பாட்டில்ல ஒட்டாம துணி சுத்தி.

அடுத்து அந்த நேப்பியர் ஆளு. நடற கரணை (தண்டுத் துண்டு) ஒண்ணுக்கு இத்தன ரூபாய்னு அவருக்குக் காசு, உங்களுக்கு என்ன? நேப்பியருக்கு வாராவாரம் தண்ணி வேணும், கொறங்காட்டுல போர்த்தண்ணிக்கு எங்க போறது? உழுதா இருக்கற கொழுக்கட்டைப்புல் தூரும் போயிரும், வெள்வேல மரத்துக்கடில நரிப்பயத்தங்கொடி தானா வர்றதும் போயிரும். சொட்டையா இருக்கற எடத்துல மட்டும் கொழுக்கட்டைப்புல் வெதை தூவுங்க, ஏக்கருக்கு ரெண்டரை மூணு கிலோ கணக்கு. புது வெதை தூங்கும், உடனே மொளைக்காது, போன வருஷத்து வெதையா கேளுங்க. பஞ்சு மாதிரி பறக்கும், ஈரமணல்ல கலந்து மேலாகத் தூவி முள்ளுக்கொத்தை இழுத்து விட்டாப் போதும். வாங்கும்போது உள்ளங்கைல தேச்சுப் பாருங்க, உள்ள மணி இல்லாம வெறும் உமியை கிலோ கணக்குல விக்கறாங்க.

மழை பேஞ்சதும் காட்டை உடனே திறந்து விடாதீங்க, புல்லு ஒரு சாண் வரட்டும். அதுவரைக்கும் கிளுவை வேலில சந்து இருந்தா அடைச்சு, காட்டை மூணா தடுத்து வெச்சுக்கங்க. மொத வாரம் காலைல கடலைக்கொடியோ சோளத்தட்டோ வயிறார போட்டுட்டு ஒரு மணி நேரம் மட்டும் மேய விடுங்க, அப்புறம் மெதுவா கூட்டுங்க. குடற்புழு மருந்து சாணியைச் சோதிச்சுட்டு.

இன்னும் ஒண்ணு, இதை ரெண்டு தடவை படிங்க. ஆடு செத்தா அறுத்துப் பாக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கொண்டு போகணும்னு எப்பவும் சொல்லுவேன். ஆனா மூக்குலயோ ஆசனவாய்லயோ உறையாத கறுப்பு ரத்தம் வந்திருந்தா அறுக்கவே கூடாது, தோலை உரிக்கக் கூடாது, நாயை அண்ட விடக் கூடாது, டாக்டரே அறுக்க மாட்டாரு, காதுல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத்தான் பாப்பாரு. அது அடைப்பானா (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அறுத்தா அந்தக் கிருமி மண்ணுல வருஷக்கணக்கா கெடக்கும், கையில புண்ணு இருந்தா மனுஷனுக்கும் வந்துரும். "லேசா மூக்குல மட்டும்தாங்க வந்துச்சு"ன்னாலும் இதே கதைதான். செத்த ஆட்டை 500, 1000 குடுத்து தூக்கிட்டுப் போக டிவிஎஸ் 50ல ஒருத்தன் வருவான், எப்படித்தான் மோப்பம் புடிப்பானோ தெரியல, வாசல்லயே திருப்பி அனுப்புங்க. "பட்டி பூரா போயிரும், மிச்சத்தைப் பாதி வெலைக்குக் குடு"ன்னு அடுத்த நாள் வர்றவனும் அவன் கூட்டாளிதான்.

போன வருஷம் செத்த நாலுல ஏதாவது ஒண்ணுக்கு ரத்தம் வந்துச்சான்னு ஞாபகப்படுத்தி எழுதுங்க. வந்திருந்தா ஊசி கணக்கே மாறும்.