வால்வு ரேடியோவுக்கு உடனே கரண்ட் கொடுக்கலாமா?

கேள்வி: தாத்தாவின் வால்வு ரேடியோ பரணில் கிடைத்தது. நாற்பது வருடமாக ஓடவில்லை. பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். தொழில் கற்ற புதிதில் நானும் அப்படிச் செருகினேன். ஒரு நிமிடம் அருமையாகப் பாடியது. அப்புறம் அவுட்புட் வால்வுக்குள் (ஸ்பீக்கரை ஓட்டும் கண்ணாடிக் குழாய்) தகடு செக்கச்செவேலென்று சிவந்தது. டிரான்ஸ்பார்மர் கருகும் வாடை. மெழுகில் தோய்த்த ஒரு சின்னக் காகித கண்டன்சர் (மின்சாரத்தைத் தேக்கும் பாகம்) கசிந்து, வால்வில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட் என்ற கம்பி வலைக்கு பாசிட்டிவ் வோல்ட்டை விட்டிருந்தது. உங்கள் ரேடியோவிலும் முதலில் அதை மாற்றுங்கள், பிறகு பவர் சப்ளையின் எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்களை. சோதிக்கும்போது பழைய இழை பல்பு ஒன்றை, ரேடியோவுக்குப் போகும் கரண்ட் அதன் வழியாகவே போகும்படி, தொடரில் இணையுங்கள். பல்பு பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட்.

1920களில் பெரும்பாலான வீட்டு ரேடியோக்கள் பேட்டரியில்தான் ஓடின. உங்களுடையது வீட்டு கரண்டில் ஓடும் மெயின்ஸ் செட். உள்ளே 250 வோல்ட் வரை, சிலவற்றில் அதற்கும் மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டன்சரில் தங்கும். பவர் டிரான்ஸ்பார்மர் இல்லாத மாடல் என்றால் சேசிஸே (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்) ஷாக் அடிக்கும், பழகியவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, டயல் கண்ணாடியின் பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். நிலையப் பெயர்கள் துணியோடு வந்துவிடும்.