முற்றத்தை மூடி அறை கட்டலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் ஜூ சியாட்டில் எங்கள் வீடு, மரபுக் கட்டடமாகப் பாதுகாக்கப்பட்ட கடைவீடு (கீழே கடை, மேலே வீடு என்று வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய கட்டடம்). அம்மாவால் படியேற முடியவில்லை. நடுமுற்றத்துக்குக் கூரை போட்டு, கீழேயே படுக்கையறையும் குளியலறையும் அமைத்துவிடலாம், அனுமதியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் தரகர். செய்யலாமா?

பதில்: கூடாது. முன்பணம் கொடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்பக் கேளுங்கள்.

கடைவீட்டின் இருபக்கச் சுவர்களும் அண்டை வீட்டாருக்கும் பொது. அவற்றில் சன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சமும் காற்றும் முன்னால், பின்னால், முற்றத்தின் வழியாகத்தான் வரும். அதை மூடினால் உங்கள் அம்மா பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு புழுக்கத்தில் படுத்திருப்பார். நகர மறுசீரமைப்பு ஆணையம் முக்கியக் கூறுகளாகக் குறித்திருப்பவற்றில், மர உத்தரம், மரப்படி, ஓட்டுக்கூரை ஆகியவற்றோடு முற்றமும் உண்டு.

அறையைப் பின்கட்டில் கட்டுங்கள். இங்கே ஒன்றை நிதானமாகப் படியுங்கள். 1989இல் பாதுகாக்கப்பட்ட லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ வட்டாரங்களில் கட்டடம் முழுவதையும் காக்கவேண்டும். ஜூ சியாட் வேறு வகை. அங்கே முன்கட்டையும் அதன் கூரையையும் காப்பாற்றிவிட்டு, பின்னால் அந்த வட்டாரத்தின் உயர வரம்புக்குள் புதிதாகக் கட்ட இடமுண்டு. லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு மறுத்தார்கள் என்று நீங்கள் பயப்படவேண்டாம். உங்களுக்குக் கொடுத்தார்கள் என்று அவரும் கிளம்பவேண்டாம். ஆணையத்தின் வரைபடத்தில் உங்கள் முகவரி எந்த வகையில் விழுகிறது என்பதே கணக்கு.

‘பிறகு வாங்கிக்கொள்ளலாம்’ என்பவர்களைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இடிப்பதற்கு முன்பே அனுமதி வேண்டும். விண்ணப்பத்தைப் பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் போன்ற தகுதியாளர்தான் அளிக்கவேண்டும். தரகருக்கு அங்கே வேலையே இல்லை. ‘ஆணையத்தில் ஆள் தெரியும்’ என்பவருக்குப் பெரும்பாலும் தெரிந்திருப்பது உங்கள் அவசரம் மட்டுமே. நாளை அதிகாரி வந்து நின்றால் பதில் சொல்லவேண்டியவர் வீட்டு உரிமையாளர். கட்டடக் கலைஞரின் பெயர் கட்டடக் கலைஞர் வாரியப் பதிவேட்டில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

இத்தனைக்கும் முறை எளிதில்லை. தோற்றத்துக்கு ஓர் ஆணையம், கட்டுமான உறுதிக்கு இன்னொன்று, கழிவுநீருக்குப் பொதுப் பயனீட்டுக் கழகம். ஒரு கிழவி குளிக்க ஓர் அறை கட்ட இத்தனை வாசல்கள்! இந்த அலைச்சல்தான் தரகர்களுக்குச் சோறு போடுகிறது.

ஒப்பந்தம் எழுதும்போது, பழைய செங்கல் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். கட்டட ஒப்பந்தக்காரர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.