செல்ல நாய் இறந்த துக்கத்திலிருந்து எப்படி மீள்வது?

மூன்று வாரம் ஆகியும் வேலை ஓடவில்லை, வீட்டில் "நாய்தானே, விடு" என்கிறார்கள், எப்படி மீள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் நாய் வெல்லம் போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது, நான் மீண்டுவிட்டேன் என்று இன்னும் சொல்ல மாட்டேன். ஆனால் எது கொஞ்சம் உதவியது, எது எரிச்சலைக் கிளப்பியது என்று சொல்லலாம்.

எனக்குச் சேலத்தில் கொலுசுப் பட்டறை. 11 வருஷத்துக்கு முன்னால் செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டி வாசலில் ஈ மொய்க்கும் சாக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குட்டி அவன், நிறமும் அதே நிறம், பெயருக்கு யாரும் மெனக்கெடவில்லை. அவன் கழுத்துப்பட்டையில், கொலுசுக்கு ஆகாது என்று கழித்த மூன்று சலங்கையைக் கோர்த்துவிட்டேன். விளையாட்டாகச் செய்ததுதான், அவன் போன பிறகு அதுவே எனக்கு வினையாகிவிட்டது. பட்டறை என்றால் நாள் முழுக்கச் சலங்கைச் சத்தம். தராசில் வைத்தால், மெருகுக்கு எடுத்தால், பையன் தட்டில் கொட்டினால். ஒவ்வொரு தடவையும் மேசைக்கு அடியில் என் கால் தானாக ஒதுங்கும், அவன் வந்து படுக்க இடம் விட்டு. ஒதுங்கிய பிறகுதான் ஞாபகம் வரும். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை. உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு சத்தமோ ஒரு நேரமோ இருக்கும், அதை விட்டுத் தப்பி ஓடப் பார்க்காதீர்கள். நான் பத்து நாள் பட்டறைக்கே போகாமல் இருந்து பார்த்தேன், திரும்பப் போன முதல் நாள் அத்தனையும் வட்டி போட்டுத் திரும்பி வந்தது.

துக்கத்தை விடக் குற்ற உணர்ச்சிதான் ஆளைத் தின்றது. சித்திரை வெயில், அவன் சட்டிச் சட்டியாகத் தண்ணீர் குடித்தான், சேலத்து வெயிலுக்கு யார்தான் குடிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். சோறு தொடாமல் போன பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, 9-ஐத் தாண்டியிருந்தது, நாய்க்குச் சுமார் ஒன்றரைக்குள் இருக்க வேண்டியது. "முன்னாடியே வந்திருந்தால்?" என்று கேட்டதற்கு டாக்டர் சொன்னார், கிட்னியில் முக்கால்வாசி போன பிறகுதான் ரத்தத்திலேயே அது தெரிய ஆரம்பிக்கும், வயசான நாய்க்கு இது சத்தமில்லாமல் வருகிற நோய் என்று. இதை ஒரு காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன், சிரிக்காதீர்கள். உங்கள் நாய்க்கு என்ன வந்தது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பார்த்த டாக்டரிடம் இன்னொரு தடவை போய், நாய் இல்லாமல், நிதானமாக உட்கார்ந்து கேளுங்கள். நம்மை நாமே போடும் திட்டில் பாதி, விவரம் தெரியாமல் போடுவது.

மீதிப் பாதிக்கு என்னிடம் மருந்து இல்லை. ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் நான் நாலு நாள் இழுத்தேன். அந்த நாலு நாள் அவனுக்காக இல்லை, எனக்காக.

புதைக்க எங்கள் தெருவில் ஒரு சாண் மண் கிடையாது, சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள். மாமாவுக்கு ஏற்காட்டில் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது, அங்கே கொண்டு போனோம். பழைய லுங்கியில் சுற்றிப் பின்சீட்டில் கிடத்தி, தம்பி ஓட்டினான். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. வருஷா வருஷம் காணும் பொங்கலுக்கு அவனையும் கூட்டிப் போவோம், எட்டாவது வளைவு தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான், அதனால் அங்கே வண்டியை ஓரம் கட்டித் தண்ணீர் காட்டுவது வழக்கம். அன்றைக்கும் தம்பி எட்டாவது வளைவில் ஓரம் கட்டிவிட்டான். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே கியர் போட்டான். சில்வர் ஓக் மரத்தடியில், மிளகுக்கொடி வேரில் கடப்பாரை படாமல் நாலடி தோண்டி வைத்துவிட்டு, எதுவும் வந்து கிளறக் கூடாதென்று மேலே கல் அடுக்கினோம். கை முழுக்கக் கொப்புளம். அந்தக் கொப்புளம் காய்கிற வரைக்கும் ஏனோ மனசு கொஞ்சம் லேசாக இருந்தது.

அப்புறம் ஊர் வாய். பட்டறையில் ஒருத்தர், "பதினாறாம் நாள் எப்பப்பா, இலை போட்டுருவமா?" என்றார். அன்றைக்குப் பதில் வரவில்லை, இப்போது சொல்கிறேன். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது, மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7-ஆம் நூற்றாண்டு. எருமை மந்தைக்காகச் சண்டை போட்டுச் செத்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு நட்டது. கூடவே அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி, கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். சும்மா "ஒரு நாய்" என்று எழுதியிருந்தால் உளிக்கு வேலை மிச்சம். 1,400 வருஷத்துக்கு முன்னால் எவனோ கல்லில் வெட்டியதை நாம் லீவு லெட்டரில் எழுதக் கூச்சப்படுகிறோம், நானும்தான், "உடம்பு சரியில்லை" என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

வீட்டில் குழந்தை இருந்தால் பொய் சொல்லாதீர்கள். தம்பி மகளிடம் "ஊருக்குப் போயிருக்கான்" என்று சொல்லிவிட்டார்கள், அது தினமும் சாயங்காலம் கேட்டில் போய் நின்றது. ஒரு வாரம் கழித்து நான்தான் சொன்னேன். அழுதது, பிறகு கேட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டது.

உடனே வேறொரு குட்டி கொண்டுவந்து கொடுக்கிறேன் என்பவர்களிடம் கோபப்படாமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் அது ரொம்பச் சீக்கிரம். நான் இன்னும் வளர்க்கவில்லை. சலங்கைப் பட்டை தராசுப் பெட்டிக்குள் இருக்கிறது, வெள்ளி விற்கிற விலைக்கு அதை உருக்கிவிடலாமே என்று அண்ணன் ஒரு நாள் கேட்டார், நான் பெட்டியை மூடினேன், அவர் மறுபடி கேட்கவில்லை.

சரி, ஒன்று கேட்கிறேன். கேள்வியில் நான்கு இடத்தில் "எங்கள் நாய்" என்றே எழுதியிருக்கிறீர்கள். பெயர் என்ன?