கேமரா வீட்டுக்கு, ஓடிபி ஒருத்தருக்கு!

வீட்டுக் கேமராவைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புலம்பல், "ஆப்பைத் திறந்தாலே ஓடிபி கேட்கிறது" என்று. சரி, மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும், இந்த முறை இது மட்டும்தான்.

என் மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். லீவுக்கு வந்தபோது வாசலிலும் கொல்லையிலும் கேமரா மாட்டி, என் போனிலும் ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். அது அடிக்கடி தானாகவே லாகவுட் ஆகிவிடுகிறது. திரும்ப உள்ளே போக ஓடிபி அவன் போனுக்குப் போகிறது. பட்டப்பகலில் கொல்லைக் கதவு சத்தம் கேட்டால், அங்கே நடுராத்திரியில் அவன் எழுந்து நம்பர் சொல்ல வேண்டும். அதற்குள் நானே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிடுகிறேன். இதற்கு எதற்குக் கேமரா?
_வாசகி, கும்பகோணம்_

கோபம் நியாயமானதுதான் அம்மா, ஆனால் கோளாறு ஓடிபியில் இல்லை. மகன் தன் மெயிலில் ஒரு கணக்கைத் தொடங்கி, அதே மெயிலையும் பாஸ்வேர்டையும் உங்கள் போனிலும் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். வெளிநாட்டுப் பிள்ளைகள் பலரும் செய்வது இதுதான், ஃபிளைட்டுக்கு நேரமாகும் அவசரத்தில் அதுதான் சுலபம். ஆனால் கம்பெனியின் சர்வருக்கு நீங்கள் அம்மா, அவர் பிள்ளை என்பதெல்லாம் தெரியாது. நியூ ஜெர்சிக்காரர் ஒருவரின் கணக்கில் கும்பகோணத்திலிருந்து யாரோ நுழையப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அப்போது அது ஓடிபி கேட்காமல் விட்டால்தான் நாம் பயப்பட வேண்டும்.

உங்கள் மெயிலிலோ மொபைல் நம்பரிலோ உங்களுக்கென்று தனியாக ஒரு கணக்கு தொடங்குங்கள். கேமராவை மகன் தன் ஆப்பிலிருந்து உங்களுக்கு 'ஷேர்' செய்யட்டும். அநேகமாக எல்லாக் கேமரா ஆப்களிலும் இந்த வசதி இருக்கிறது, செட்டிங்ஸுக்குள் எங்கேயாவது ஒளிந்திருக்கும். அதன்பிறகு ஓடிபி கேட்டாலும் உங்கள் போனுக்கே வரும். ஒரு சிக்கல் மட்டும் வரலாம். கணக்கு தொடங்கும்போது நாடு எது என்று கேட்பார்கள். அவர் அமெரிக்கா என்று போட்டிருந்து நீங்கள் இந்தியா என்று போட்டால், ஷேர் செய்ய விடாமல் அடம்பிடிக்கிற ஆப்களும் உண்டு.

என்னைக் கேட்டால், இன்னொரு வழிதான் இதைவிட நல்லது. கேமராவின் முதன்மைக் கணக்கே உங்கள் பெயரில் இருக்கட்டும், மகனுக்கு நீங்கள் ஷேர் செய்யுங்கள். வீட்டில் யார் குடியிருக்கிறார்களோ கேமராவும் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். அடுத்த லீவில் "ஹாலிலும் ஒன்று மாட்டிவிடுகிறேன்" என்று அவர் கிளம்பினால், வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் இடத்திலும் நீங்கள் இருப்பீர்கள்.

எங்கள் கேமராவில் தெரிவது ஒரு துளசி மாடமும் ஒரு ஸ்கூட்டரும். பேங்க் அக்கவுண்ட்டுக்கு இருக்கிற கெடுபிடி இதற்கு எதற்கு? ஓடிபியை நிறுத்திவைக்க வழி உண்டா?
_வாசகர், சேலம்_

சில ஆப்களில் உண்டு, ஆனால் நிறுத்தாதீர்கள். 2019 டிசம்பரில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், 8 வயதுப் பெண் குழந்தையின் படுக்கையறையில் இருந்த, 'ரிங்' என்ற நிறுவனத்தின் கேமரா ஸ்பீக்கரிலிருந்து யாரோ ஒரு ஆண் பேச ஆரம்பித்தான், தான் சாண்டா கிளாஸ் என்று. பெற்றோர் கேமராவை வாங்கி மாட்டிச் சில நாள்தான் ஆகியிருந்தது. அந்தச் சமயத்தில் இப்படிக் கேமரா கணக்குகளுக்குள் புகுந்த பலரும் பெரிய கில்லாடி வேலை எதுவும் செய்யவில்லை. வேறு ஏதோ வெப்சைட்டிலிருந்து கசிந்த மெயில்-பாஸ்வேர்டு பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, கேமரா ஆப்பில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ரிங் நிறுவனம் 2020 பிப்ரவரியில் ஓடிபியைக் கட்டாயமாக்கியது அதற்கப்புறம்தான். கூகுளின் 'நெஸ்ட்' கேமராப் பிரிவும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் அந்த முடிவுக்கு வந்தது.

2023 மே மாதம் ரிங் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் போட்ட வழக்கு 58 லட்சம் டாலரில் முடிந்தது. பாதிக்கப்பட்ட கணக்குகள் சுமார் 55,000 என்று ஆணையம் சொன்னது. வாடிக்கையாளர்களின் வீடியோக்களை ஊழியர்களே பார்த்தார்கள் என்ற குற்றச்சாட்டும் அந்த வழக்கில் இருந்தது. அந்த வியாதிக்கு ஓடிபி மருந்தல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களைப் பரிசோதிக்கும் அறையின் சிசிடிவி காட்சிகள் டெலிகிராமில் விலைக்குப் போனது செய்தியாக வந்ததே, நினைவிருக்கிறதா? பாஸ்வேர்டு விஷயத்தில் இருந்த அலட்சியம்தான் அங்கேயும் வழிவிட்டது. உங்கள் கேமராவில் தெரிவது துளசி மாடம் மட்டுமல்ல, வீடு எந்த நேரத்தில் பூட்டிக் கிடக்கிறது என்பதும் தெரிகிறது.

மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நாலு கேமரா மாட்டிக் கொடுத்த தம்பி, கணக்கை அவருடைய மெயிலிலேயே போட்டிருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது. நான் போன் மாற்றியதும் ஓடிபி அவருக்குப் போகிறது. அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், கூப்பிட்டால் எடுப்பதில்லை. கேமராக்காரர்களை ஏன் இப்படி விடுகிறார்கள்?
_வாசகர், கோவில்பட்டி_

அண்ணாச்சி, ஓடிபி வராதது இரண்டாவது பிரச்சினை. உங்கள் கல்லாப்பெட்டியை அந்தத் தம்பி திருப்பூரில் டீ குடித்துக்கொண்டே பார்க்க முடியும், அதுதான் முதல் பிரச்சினை. அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவருடைய போன் தொலைந்தால் என்ன செய்வது?

முதலில் ஆப்பை மறந்துவிட்டு, கேமராக் காட்சிகளைப் பதிவு செய்யும் டி.வி.ஆர் பெட்டியிடம் போங்கள். அதன் பின்னால் ஹெச்.டி.எம்.ஐ பொருத்தும் இடம் இருக்கும், கடையில் இருக்கும் டிவியை அதில் இணைத்தால் நாலு கேமராவும் தெரியும். இதற்கு இன்டர்நெட் தேவையில்லை, ஓடிபியும் கேட்காது. மெனுவுக்குள் போக அந்தப் பெட்டிக்கென்று ஒரு அட்மின் பாஸ்வேர்டு இருக்கும். ஆப் பாஸ்வேர்டு வேறு, இது வேறு. பில்லிலோ, அட்டைப்பெட்டி மூடியிலோ பேனாவால் எழுதி வைத்திருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

அப்புறம் கணக்கை மாற்றும் வேலை. ரீசெட் பட்டனை அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்வார், நம்ப வேண்டாம். பல பிராண்டுகளில் ரீசெட் செய்தால் வைஃபையும் பாஸ்வேர்டும்தான் அழியும். 'இந்த சீரியல் நம்பர் இன்னாருடைய கணக்கில் இருக்கிறது' என்ற பதிவு கம்பெனி சர்வரில் அப்படியே கிடக்கும். திருடிக்கொண்டு போனவன் தன் போனில் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது, இப்போது உங்களையே வெளியே நிறுத்தியிருக்கிறது. பழைய கணக்கிலிருந்து நீக்கினால்தான் புதிய கணக்கில் சேர்க்க முடியும். சில பிராண்டுகளில் அட்மின் பாஸ்வேர்டு தெரிந்தால் பெட்டியின் மெனுவிலிருந்தே நீக்கலாம். இல்லையென்றால் பில், சீரியல் நம்பர் ஸ்டிக்கரின் போட்டோ இரண்டையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு எழுதுங்கள். இழுத்தடிப்பார்கள், விடாதீர்கள். பில்லே இல்லாமல் வாங்கியிருந்தால் கஷ்டம்தான்.

இனிமேல் யாரைக் கூப்பிட்டு மாட்டினாலும், ஓடிபி உங்கள் போனில் டிங் என்று விழுந்ததைப் பார்த்த பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.

எஸ்.எம்.எஸ் பாதுகாப்பில்லை என்று நீங்கள் எழுதியதை நம்பி, ஓடிபி கோடை (code) போனிலேயே உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாறினேன். மழையில் போன் செத்துவிட்டது. இப்போது கேமராவும் இல்லை, கோடும் இல்லை. சந்தோஷமா?
_வாசகர், மடிப்பாக்கம்_

சந்தோஷமில்லை! ஆனால் மாறியது சரிதான். அந்த ஆறு இலக்கக் கோடு யாரும் அனுப்பி வருவதல்ல. முதல் நாள் நீங்கள் ஸ்கேன் செய்த க்யூ.ஆருக்குள் ஒரு ரகசியச் சாவி இருந்தது. அதையும் போனின் கடிகாரத்தையும் வைத்து ஆப்பே 30 விநாடிக்கு ஒருமுறை புதுக் கோடு போடுகிறது. சிக்னல் வேண்டாம், ரோமிங் வேண்டாம். சாவி போனுக்குள் இருக்கிறது, போன் போனால் அதுவும் போயிற்று, அதுதான் இதில் இருக்கும் கஷ்டம்.

அமைக்கும்போது திரையில், போன் தொலைந்தால் உள்ளே நுழைவதற்கென்று சில 'பேக்கப் கோடு'கள் வந்திருக்கும், யாருமே படிக்காமல் 'நெக்ஸ்ட்' அடிக்கும் பக்கம் அது. ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் கூகுள் போட்டோஸில் தேடுங்கள். கூகுள் ஆத்தென்டிகேட்டரைக் கூகுள் கணக்கோடு இணைத்து வைத்திருந்தால் (2023 ஏப்ரலிலிருந்து இந்த வசதி உண்டு) புதுப் போனில் அந்தக் கணக்கில் நுழைந்தாலே கோடுகள் திரும்பி வந்துவிடும். இரண்டும் இல்லையென்றால் கம்பெனிக்கு மெயில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அடுத்த முறை அதே க்யூ.ஆரை வீட்டுக்காரம்மா போனிலும் ஸ்கேன் செய்துவிடுங்கள், இரண்டிலும் ஒரே கோடு வரும்.

பெண்ணின் பிரசவத்துக்காக ஆறு மாதம் டல்லாஸ் போகிறோம். அங்கிருந்து வீட்டைப் பார்க்க ஓடிபி வருமா?
_வாசகி, கோயம்புத்தூர்_

சிம்மை நம்பி விமானம் ஏறாதீர்கள். கிளம்பும் முன்பே ஆத்தென்டிகேட்டருக்கோ மெயில் ஓடிபிக்கோ மாறி, வீட்டில் இருக்கும்போதே ஒருமுறை லாகவுட் செய்து திரும்ப நுழைந்து பாருங்கள். நம்பரையும் ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். 90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்டு நம்பரை நிறுத்திவிடலாம், அப்புறம் அது வேறு யாருக்காவது போகும், உங்கள் ஓடிபியும் அவருக்குப் போகும். இன்னொன்று, கோடு வரவில்லை என்று 'மறுபடி அனுப்பு'வை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். பெரும்பாலும் கடைசியாக வந்த கோடு மட்டும்தான் செல்லும், முந்தையதைத் தட்டினால் தப்பு என்று சொல்லிக் கணக்கைக் கொஞ்ச நேரம் பூட்டியே விடும்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கேமரா ஓடிபி வந்ததும் அப்பா போட்டுவிடுவார், யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்வோம். தப்பா?
_வாசகி, திண்டுக்கல்_

குரூப்பில் கிடக்கும் பழைய கோடு சில நிமிடங்களில் செத்துவிடும், அதனால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் கேட்டவுடன் ஓடிபியைக் கொடுத்துப் பழகிய அப்பாவுக்கு நாளைக்கு "கேமரா கம்பெனியிலிருந்து பேசுகிறேன் சார், ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்று போன் வரும். அவர் சொல்லியும் விடுவார். ஆளுக்கொரு கணக்கு போட்டு ஷேர் செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே அப்படி யாரிடமாவது சொல்லியிருந்தால் உடனே பாஸ்வேர்டை மாற்றி, எல்லாப் போன்களிலிருந்தும் லாகவுட் செய்யுங்கள். பணமும் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.