பழைய ஃபிளாப்பி, பழைய வைரஸ், புதிய பில்

பழைய ஃபிளாப்பி வட்டுகளை இன்றைய கம்ப்யூட்டரில் படிக்க உதவும் யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் பற்றிப் போன மாதம் போகிறபோக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். யார் வீட்டு அலமாரி மேல் என்ன பெட்டி இருக்கிறது என்பதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். வந்து குவிந்த கடிதங்களைச் சுருக்கியே தருகிறேன்.

பழைய ஃபிளாப்பியைப் புது லேப்டாப்பில் போட்டால் வைரஸ் தொற்றுமா? (பொங்கோல்)

பெரும்பாலும் தொற்றாது. அந்தக் காலத்தில் அதிகம் பரவியவை பூட் செக்டர் வைரஸ்கள். கம்ப்யூட்டர் துவங்கும்போது முதலில் படிக்கும் இடத்தில், அதாவது வட்டின் முதல் 512 பைட்டில் குடியிருக்கும். ஃபிளாப்பியை உள்ளேயே மறந்துவிட்டு கம்ப்யூட்டரைப் போட்டால்தான் அவற்றுக்கு உயிர் வரும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது செருகிக் கோப்புகளைப் பார்ப்பதால் எழுந்து வராது. இருந்தாலும் செருகும் முன், மூலையில் இருக்கும் குட்டிக் கதவைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வையுங்கள். பிறகு யாராலும் அதில் எழுத முடியாது. கோப்புகளை நகலெடுத்து, நகலை ஆன்டிவைரஸ் கொண்டு சோதியுங்கள். வேர்ட் கோப்பு திறக்கும்போது மேக்ரோவை (கோப்புக்குள் இருக்கும் குட்டி நிரலை) இயக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மேக்ரோ வைரஸ் 1995லிருந்தே உண்டு, அது வேர்ட் கோப்போடு சேர்ந்தே வரும்.

நீங்கள் பயப்பட வேண்டியது பூஞ்சணத்துக்கு. நம் சிங்கப்பூர் ஈரத்தில் அது வராவிட்டால்தான் ஆச்சரியம். உலோக மூடியை நகர்த்தி உள்ளே பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். டிரைவின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் நல்ல வட்டையும் கெடுத்துவிடும்.

பிரிக்காத புது ஃபிளாப்பி, பத்து அடங்கிய பெட்டி, 40 வெள்ளி. 'வைரஸ் இல்லை' என்று விற்பவர் உறுதி தருகிறார். வாங்கலாமா? (செங்காங்)

எதற்கு?

காலமான என் கணவர் தம் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளை 14 ஃபிளாப்பிகளில் வைத்திருந்தார். ஒரு கடையில் கொடுத்தேன். எல்லாவற்றிலும் வைரஸ், சுத்தம் செய்யாவிட்டால் பேரனின் கம்ப்யூட்டரும் போய்விடும் என்று சொல்லி, ஒன்றுக்கு 30 வெள்ளி வீதம் 420 வெள்ளி வாங்கினார்கள். திரும்பி வந்தபோது எல்லாம் காலி. வைரஸ் தின்றுவிட்டது என்கிறார்கள். தவறு என்னுடையதா? (அங் மோ கியோ)

இல்லவே இல்லை, அம்மா. வைரஸ் எதையும் தின்றிருக்காது. அவர்கள் வட்டை ஃபார்மட் செய்து காலியாக்கியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். பூட் செக்டர் வைரஸை எடுக்க உங்கள் கோப்புகளைத் தொடவே தேவையில்லை.

முதல் வேலை: அந்த 14 வட்டுகளில் இனி எதையும் எழுத விடாதீர்கள். மேலே சொன்ன கதவைத் தள்ளி வைத்துவிடுங்கள். அவசரத்தில் குவிக் ஃபார்மட் மட்டும் செய்திருந்தால் எழுத்து இன்னும் உள்ளேயே இருக்கும், கோப்புப் பட்டியல்தான் போயிருக்கும். விஷயம் தெரிந்த ஒருவர் வட்டை அப்படியே முழு நகல் எடுத்து, அந்த நகலிலிருந்து மீட்டுத் தரலாம்.

அடுத்து, பில். தேவைப்படாத பழுதுபார்ப்பைத் தேவை என்று சொல்லிக் காசு வாங்குவது, பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டப்படி நியாயமற்ற நடைமுறை. கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் (CASE) போங்கள். அதற்கும் அசையாவிட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளிதான். வழக்கறிஞருக்கு அங்கே இடமே இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில்லையும் காலி வட்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இந்தப் பயத்தை விற்கும் கூட்டத்தின் மேல் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. 1992 மார்ச் 6 அன்று உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று பத்திரிகைகள் அலறின. மைக்கலாஞ்சலோ என்ற வைரஸ், அந்தச் சிற்பியின் பிறந்தநாளில் ஹார்ட் டிஸ்கின் ஆரம்பப் பகுதியைத் துடைத்துவிடும். வைரஸ் நிஜம்தான். அலறிய அளவுக்கு எதுவும் நடக்கவில்லை, அவ்வளவே. நான் முதல் வாரமே ஓடிப்போய் 95 வெள்ளிக்கு ஓர் ஆன்டிவைரஸ் பெட்டி வாங்கினேன். வீட்டில் வந்து பிரித்தால் உள்ளே 5.25 அங்குல வட்டு. என்னிடம் இருந்ததோ 3.5 அங்குல டிரைவ். பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார் கடைக்காரர். கடைசியில் 6ஆம் தேதி முழுவதும் கம்ப்யூட்டரைப் போடாமலே இருந்து தப்பித்தேன். அந்த வைத்தியம் இலவசம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்று ஃபிளாப்பி போய் கைப்பேசி வந்திருக்கிறது, 'உங்கள் போனில் வைரஸ்' என்று சிவப்பில் மின்னுகிறது. வசனம் அதேதான், அம்மா. உங்களிடம் பேரனைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

1996ல் தமிழில் அடித்த கதைகளைத் திறந்தால் ஐரோப்பிய எழுத்தும் கொம்பும் புள்ளியுமாக வருகிறது. வைரஸ் சிதைத்துவிட்டதா? (தெம்பனிஸ்)

உங்கள் கதைகள் நலமாக இருக்கின்றன. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அன்று நம் கைக்கு வரவில்லை. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. இந்தக் குழப்பத்தைப் பேசித் தீர்க்கத்தான் நம் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முன்னின்று 1997ல் இங்கே தமிழ்நெட் மாநாடு நடத்தினார். எந்த மென்பொருளில் அடித்தீர்கள் என்று நினைவுபடுத்துங்கள்: கணியனா, முரசு அஞ்சலா, வேறா? பெயர் தெரிந்தால் அதற்கான யூனிகோடு மாற்றியை இணையத்தில் தேடுங்கள், இலவசமாகவே கிடைக்கும். இதற்கும் 'வைரஸ் நீக்கம்' என்று யாராவது பில் போட்டால் எனக்கு எழுதுங்கள்.

ஒருவரிடம் பழைய 486 கம்ப்யூட்டரும் 60 கேம் ஃபிளாப்பிகளும் இணையம் வழி வாங்கினேன். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். இப்போது மாதம் 18ஆம் தேதி ஆனால் விசைப்பலகை டிக் டிக் என்கிறது. எஃப்டிஸ்க் எம்பிஆர் (FDISK /MBR) கட்டளை கொடுத்தும் போகவில்லை. பழுதான பொருளுக்கான லெமன் சட்டத்தில் பணத்தைத் திரும்பப் பெறலாமா? (உட்லண்ட்ஸ்)

தம்பி, யாரோ எவரோ வைத்திருந்த 60 வட்டு. ஒன்றையாவது சோதித்தீர்களா?

அது ஃபார்ம் வைரஸ். ஹார்ட் டிஸ்கின் முதல் செக்டரான எம்பிஆரில் இல்லை, டாஸ் (அந்தப் பழைய கம்ப்யூட்டரின் இயங்குதளம்) பூட் செக்டரில் இருக்கிறது. அதனால்தான் உங்கள் கட்டளை பலிக்கவில்லை. சுத்தமான, எழுத முடியாதபடி பூட்டிய, அதே டாஸ் பதிப்பு ஃபிளாப்பியில் பூட் செய்து, 'சிஸ் சி' (SYS C:) கட்டளை கொடுங்கள். அப்புறம் 60 வட்டையும் சோதியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதமும் டிக் டிக். ஒன்று சொல்கிறேன்: எஃப்டிஸ்க் எம்பிஆரைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்காதீர்கள். மங்கி வைரஸாக இருந்திருந்தால், அது குறியாக்கம் செய்து ஒளித்து வைத்த பார்டிஷன் பட்டியலோடு (டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு) உங்கள் ஹார்ட் டிஸ்கும் போயிருக்கும்.

லெமன் சட்டம் கடைக்காரர்களுக்குத்தான். தனி ஆளிடம் வாங்கியதற்குச் செல்லாது.

எல்லா ஃபிளாப்பியையும் குவிக் ஃபார்மட் செய்துவிட்டேன். பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போடலாமா? வங்கிக் கடிதங்கள் இருந்தன. (பிடோக்)

அங் மோ கியோ அம்மாவுக்கு எழுதியதைப் படியுங்கள். பிறகு கத்தரிக்கோலை எடுங்கள்.